பின்னால் வருபவருக்குப் பட்ட கடன்

கார் இழுத்துச் செல்லும் முகாம் டிரெய்லரில் சைக்கிள்களை ஏற்றிச் செல்வது வெறும் பொறியியல் காரியமாகத் தோன்றும். எவ்வளவு எடை தாங்கும், எங்கே மாட்டுவது, எந்தப் பட்டையால் இறுக்குவது என்பவையே அதில் உள்ள கேள்விகள் என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் இவற்றுக்கு அடியில் மிகப் பழைய அறக் கேள்வி ஒன்று கிடக்கிறது. பொதுவழியில் ஒருவர் ஏற்றி வைத்த சுமை, அவர் முகம்கூடப் பார்த்திராத இன்னொருவர்மேல் விழக்கூடும் என்றால், அது விழுவதற்கு முன்பே அவர் தவறு செய்தவர் ஆகிவிடுகிறாரா? ஒருபோதும் விழாமலே போய்விட்டால் அந்தத் தவறும் இல்லாமல் போய்விடுமா? ரோமானியச் சட்ட அறிஞர்களும் யூத மறை அறிஞர்களும் 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவவாதி ஒருவரும் இதை எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் சொன்னதை எடைபோட, முதலில் வண்டியின் இயல்பு தெரிய வேண்டும்.

ஒற்றை அச்சுள்ள டிரெய்லர் ஒரு துலாக்கோல். மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற கணக்கு நன்றாகத் தெரியும்: பின்பாரம் மிகுந்தால் நுகம் மாட்டின் கழுத்தை விட்டு மேலே எழும்பும், வண்டி நிலைகொள்ளாது. கார் இழுக்கும் டிரெய்லருக்கும் அதே விதிதான். அதன் மொத்த எடையில் ஒரு பங்கு காரின் கொக்கிமேல் அழுந்தியிருக்க வேண்டும். பிரிட்டனில் பொதுவாக 5 முதல் 7 விழுக்காடு என்றும், கனமான டிரெய்லர்கள் ஓடும் அமெரிக்காவில் 10 முதல் 15 விழுக்காடு என்றும் சொல்லப்படுகிறது. 1,300 கிலோ எடையுள்ள ஒரு கேரவனில் முன்பாரம் 75 கிலோ என்று கொள்வோம். அதன் பின்சுவரில் தலா 25 கிலோ எடையுள்ள இரண்டு மின்சார சைக்கிள்களும் 10 கிலோ தாங்கியும் ஏறுகின்றன. அச்சிலிருந்து பின்சுவர் 3 மீட்டர், கொக்கி 4 மீட்டர் என்றால், அந்த 60 கிலோ கொக்கியிலிருந்து 45 கிலோவைத் தூக்கிவிடும். மிச்சம் 30 கிலோ, அதாவது மொத்த எடையில் 2 விழுக்காட்டைச் சற்றே தாண்டிய அளவு. வண்டி வெளிப்பார்வைக்கு முன்போலவே நிற்கும்.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாதது பக்கவாட்டு ஆட்டத்தின் கணக்கு. டிரெய்லர் இடவலமாக அலையத் தொடங்கும்போது, ஒரு சுமை அந்த அலைவை எவ்வளவு வளர்க்கும் என்பது அதன் எடையோடு, அச்சிலிருந்து அது இருக்கும் தூரத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. அச்சிலிருந்து அரை மீட்டரில் வைத்த 60 கிலோவோடு ஒப்பிட்டால், 3 மீட்டர் பின்னால் தொங்கும் அதே 60 கிலோ சுழற்சி மாறுவதை 36 மடங்கு எதிர்க்கிறது. அதனால் ஒருமுறை தொடங்கிவிட்ட ஆட்டத்தை அடக்குவதும் கடினமாகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் அமைதியாக வந்த வண்டி, 90-ஐத் தாண்டியதும் ஒரு லாரி கடந்துபோன காற்றில் பாம்பைப்போல் நெளியத் தொடங்குவது இப்படித்தான். செங்குத்தாக நேரும் அதிர்வும் பின்முனையில்தான் மிகுதி. ஒவ்வொரு பள்ளத்திலும் பின்சுவர் தூக்கிப்போடும். காரின் பின்புறத்துக்காகச் செய்யப்பட்ட தாங்கி இந்தத் துள்ளலைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டதில்லை. அதனால்தான் அத்தகைய தாங்கிகளை டிரெய்லரின் பின்னால் மாட்டக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் பலர் கையேட்டிலேயே எழுதிவிடுகிறார்கள். அமெரிக்க டிரெய்லர்கள் பலவற்றின் பின்னால் உள்ள 4 அங்குலச் சதுரக் குழாய் பம்பரும் மெல்லிய தகடுதான். அதில் மாட்டிய தாங்கி, பற்றவைத்த இடத்தில் நாளடைவில் விரிசல் விட்டுக் குழாயோடு சேர்ந்து கழன்று விழக்கூடும்.

சைக்கிள்களை முன்னால், இழுதண்டின்மேல் மாட்டினால் ஆட்டம் குறையும். ஆனால் மேற்சொன்ன எடுத்துக்காட்டில் முன்பாரம் ஏறக்குறைய 120 கிலோவுக்கு உயர்ந்துவிடும். ஐரோப்பியக் கார்கள் பலவற்றின் கொக்கி வரம்பு 75 முதல் 100 கிலோதான். டிரெய்லருக்குள், அச்சுக்கு மேலே, தரையோடு சேர்த்துக் கட்டுவதே எல்லாவற்றிலும் நல்ல வழி. இடம் இல்லை, சேறு ஒட்டும் என்பதால் பலர் அதை விரும்புவதில்லை.

இனி அறக் கேள்வி. டிரெய்லரின் பின்சுவரில் தொங்கும் சைக்கிள் காரோட்டியின் எந்தக் கண்ணாடியிலும் தெரிவதில்லை. பட்டை தளர்ந்து சக்கரம் ஒன்று வெளியே ஆடத் தொடங்கினால், அதைப் பார்ப்பவர் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவர். நிறுத்தி இறுக்கக்கூடியவரோ முன்னால் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர். செயல்படக்கூடியவருக்குக் கண் இல்லை, கண்ணுள்ளவருக்குக் கை இல்லை. வழக்கமாக மனிதர் கவனமாக இருக்க அச்சம் துணைசெய்கிறது. தன் தலைமேல் தொங்கும் பாரத்தை ஒருவர் இருமுறை சரிபார்ப்பார். இங்கே அந்த அச்சம் இடம் மாறிவிடுகிறது. சைக்கிள் விழும் ஆபத்து முழுவதும் பின்னால் வருபவருடையது, கட்டுகிற கையோ முன்னால் அமர்ந்திருக்கிறது. அச்சம் செய்யவேண்டிய வேலையை இங்கே அறவுணர்வு ஒன்றுதான் செய்தாக வேண்டும்.

இந்த இடமாற்றத்தை ரோமானியர் தெளிவாகக் கண்டிருந்தனர். மாடிகள் நெருங்கிய அவர்களது நகரங்களில் ஜன்னல் ஓரத்திலும் கூரை விளிம்பிலும் வைக்கப்பட்ட பொருட்கள் தெருவில் போவோர்மேல் விழுந்தன. அதற்காக நீதிபதியின் ஆணை ஒன்று இருந்தது. 6-ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் தொகுப்பித்த சட்டத் திரட்டில் அது காக்கப்பட்டிருக்கிறது. மக்கள் நடக்கும் அல்லது நிற்கும் இடத்துக்கு மேலே, விழுந்தால் தீங்கு செய்யக்கூடிய எதையும் வைத்திருக்கக் கூடாது. வைத்திருந்தால் தண்டம் 10 பொற்காசு. பொருள் விழுந்திருக்க வேண்டும் என்று அந்த ஆணை எதிர்பார்க்கவில்லை, யாருக்கும் காயம் பட்டிருக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. விழக்கூடிய நிலையில் வைத்ததே போதும். தெருவில் செல்பவர் தலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்க முடியாது, அவரது பாதுகாப்பு வீட்டுக்காரர் கையில் இருக்கிறது என்ற தெளிவு இதன் அடியில் உள்ளது. ஆடம் ஸ்மித்தும் 1759-இல் வெளிவந்த தமது அறவுணர்வு பற்றிய நூலில், எச்சரிக்காமல் மதிலுக்கு மேலே தெருவுக்குள் பெருங்கல்லை எறிபவர், அது யார்மீதும் படாவிட்டாலும் தண்டனைக்கு உரியவரே என்று எழுதினார்.

யூத மரபு இன்னும் நுட்பமான அளவுகோலைத் தருகிறது. கூரையில்லாத மாடிக்குச் சுற்றுச்சுவர் எழுப்ப வேண்டும், இல்லாவிட்டால் விழுந்தவரின் இரத்தப்பழி வீட்டைச் சேரும் என்பது உபாகம நூலின் கட்டளை. யூத மறைவிளக்கத் தொகுப்பான தால்முதின் பாவா கம்மா பகுதி அங்கிருந்து மேலே செல்கிறது. ஒருவர் தமது கல்லையோ கத்தியையோ சுமையையோ கூரைமேல் வைக்கிறார், காற்றடித்து அது விழுந்து சேதம் செய்கிறது. யார் பொறுப்பு? வழக்கமாக வீசும் காற்றில் விழுந்திருந்தால் வைத்தவர் பொறுப்பு. வழக்கத்தில் இல்லாத காற்றில் விழுந்திருந்தால் அவருக்குப் பொறுப்பு இல்லை. காற்றின்மேல் பழியைப் போடுவதற்கு இருக்கும் வழியை இந்தப் பிரிவினை அடைத்துவிடுகிறது. எதிர்பார்க்கக்கூடிய இயற்கை, வைத்தவரின் செயலோடு சேர்த்தே எண்ணப்படுகிறது.

இந்த அளவுகோலை நெடுஞ்சாலைக்குக் கொண்டுவந்தால் விளைவு கடுமையாகிறது. கூரைமேல் காற்று தானாக வருகிறது. 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் டிரெய்லரின் சைக்கிளை அறையும் காற்றோ பெரும்பாலும் ஓட்டுபவரே உண்டாக்கியது. எதிர்ப்படும் லாரியின் வீச்சு, பாலத்தில் ஏறியதும் அடிக்கும் பக்கக் காற்று, சாலைப் பள்ளம், திடீர் பிரேக் எல்லாமே அந்தப் பயணத்தின் வழக்கமான காற்றுதான். ஜெர்மனியின் சாலைப் போக்குவரத்து விதியின் 22-ஆம் பிரிவு இதையே சட்டமாக்கியிருக்கிறது: முழு பிரேக் அடித்தாலும், சட்டென்று ஒதுங்கினாலும் சரியாமலும் கவிழாமலும் விழாமலும் இருக்கும்படி சுமை கட்டப்பட்டிருக்க வேண்டும். நிதானமாக ஓட்டினால் போதும் என்ற சமாதானத்துக்கு இங்கே இடம் இல்லை. குறுக்கே ஒரு குழந்தை ஓடிவரும் நொடியில் ஓட்டுபவர் எந்தத் தயக்கமும் இன்றி பிரேக்கை மிதிக்க வேண்டும், பின்னால் இருக்கும் சைக்கிள் என்னாகும் என்ற எண்ணம் அவர் காலைப் பிடிக்கக் கூடாது. கட்டு உறுதியாக இருந்தால்தான் அவர் அந்த நொடியில் சரியானதைச் செய்ய முடியும்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையோடு கேட்க வேண்டும். எந்த ஆபத்தும் இல்லாத பயணம் இல்லை. வண்டியை வெளியே எடுப்பதே மற்றவருக்குச் சிறிது ஆபத்தை உண்டாக்குகிறது. அப்படியிருக்க, விழாத சைக்கிளுக்காக ஒருவரைக் குற்றவாளி என்பது மிகையாகாதா? இதற்கு மறுமொழி ஆபத்தின் அளவில் இல்லை, அது எதற்காக ஏற்கப்பட்டது என்பதில் இருக்கிறது. சாலையில் செல்லும் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சுமத்திக்கொள்ளும் ஆபத்து ஒன்று உண்டு. அதன் பயனும் எல்லாருக்கும் பொது. பத்து நிமிடச் சோம்பலையோ புதிய தாங்கி வாங்கும் செலவையோ மிச்சப்படுத்துவதற்காகப் பின்னால் வருபவர்மேல் ஏற்றப்படும் ஆபத்து அந்தப் பொது ஒப்பந்தத்துக்குள் வராது. அதன் பயன் முழுவதும் ஒருவருக்கு, சேதம் முழுவதும் மற்றொருவருக்கு. கேட்டிருந்தால் அந்த மற்றவர் சம்மதித்திருக்க மாட்டார்.

அறியாமை எவ்வளவு தூரம் மன்னிக்கப்படும் என்பது அடுத்த கேள்வி. முன்பாரக் கணக்கோ அச்சுத் தூரத்தின் வர்க்கமோ எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லையே என்று கேட்கலாம். தொடக்கத்தில் குறிப்பிட்ட ஆங்கிலேயத் தத்துவவாதி வில்லியம் கிளிஃபோர்டு 1877-இல் எழுதிய நம்பிக்கையின் அறம் பற்றிய கட்டுரை இங்கே மிகவும் பொருந்துகிறது. கப்பல் உரிமையாளர் ஒருவர். அவரது கப்பல் பழையது, பலமுறை பழுது பார்த்தது. குடியேறச் செல்லும் குடும்பங்களை அதில் ஏற்ற வேண்டும். சந்தேகம் எழுகிறது, பழுது பார்க்கப் பணம் செலவாகும். இத்தனை பயணம் தாங்கியது இதையும் தாங்கும், கடவுள் காப்பார் என்று தமக்குத் தாமே சொல்லி, உண்மையாகவே நம்பிக்கை கொண்டு கப்பலை அனுப்பிவைக்கிறார். அது மூழ்குகிறது. அவர் மனமார நம்பியது அவருக்கு எந்த விதத்திலும் துணை நிற்காது என்கிறார் கிளிஃபோர்டு. கிடைத்த சான்றுகளை வைத்து அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை. கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றம் இம்மியும் குறையாது, யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான் வேறுபாடு.

போன கோடையில் ஒன்றும் ஆகவில்லை என்று தாங்கியைச் சரிபார்க்காமல் புறப்படுபவர் அந்தக் கப்பல்காரரின் வாரிசு. சொல்லப்போனால் அவருக்குச் சாக்கு இன்னும் குறைவு. முன்பாரத்தை அளக்கும் சிறு தராசு மலிவாகக் கிடைக்கிறது. தாங்கியின் வரம்பு அதன்மேலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. கையேட்டில் எச்சரிக்கை அச்சாகியிருக்கிறது. உலோகச் சோர்வுக்கும் ஒரு தன்மை உண்டு: முந்திய பயணங்கள் நல்லபடியாக முடிந்தது அடுத்த பயணத்துக்குச் சான்றாகாது. ஒவ்வொரு பயணமும் விரிசலை மயிரிழை வளர்க்கிறது. பழைய வெற்றிகளின் எண்ணிக்கை கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது. அனுபவம் நம்பிக்கையை வளர்க்கும் அதே வேகத்தில் உலோகம் அதற்குரிய காரணத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது.

கிளிஃபோர்டின் கப்பல்காரர் கடவுளை நினைத்தது தற்செயல் இல்லை. பயணமும் வேண்டுதலும் எப்போதும் சேர்ந்தே வந்திருக்கின்றன. ஐரோப்பியக் கார்களில் பயணிகளின் காவலரான புனித கிறிஸ்தோபரின் பதக்கம் தொங்குகிறது. தமிழ்நாட்டில் புது வண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சை நசுங்குகிறது. இவை ஏளனத்துக்கு உரியவை இல்லை. மனிதக் கைக்கு எட்டாதது ஏராளம் என்ற அறிவு அவற்றில் இருக்கிறது. கைக்கு எட்டியதையும் சேர்த்து இறைவனிடம் தள்ளிவிடும்போதுதான் பக்தி கெடுகிறது. திர்மிதி தொகுப்பில் உள்ள நபிமொழி ஒன்றில், ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு இறைவனை நம்பலாமா என்று கேட்டவருக்கு, முதலில் கட்டு, பிறகு நம்பு என்ற கருத்தில் பதில் கிடைக்கிறது. கோயில் உச்சியிலிருந்து குதி, தேவதூதர் தாங்குவர் என்ற சோதனையை இயேசு மறுத்ததாக மத்தேயு சுவிசேஷம் சொல்வதும் இதே திசையில்தான்: இறைவனைச் சோதிப்பது நம்பிக்கை ஆகாது. கட்டாத சைக்கிளோடு செய்யும் பிரார்த்தனையில் இன்னொரு குறையும் உண்டு. அது பெரும்பாலும் தன் குடும்பம் நலமாகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்கானது. விழும் சைக்கிள் அந்தக் குடும்பத்தைத் தொடுவதே இல்லை.

ஒரே கடையில் ஒரே தாங்கியை வாங்கி, ஒரே கவனக்குறைவோடு மாட்டிய இரண்டு குடும்பங்களை எண்ணிப் பார்க்கலாம். ஒன்று ஏரிக்கரை முகாமைச் சேர்ந்து கூடாரம் அடிக்கிறது. மற்றொன்றின் சைக்கிள் கழன்று விழுந்து பின்னால் வந்த ஒருவர் காயமடைகிறார். உலகம் முதல் குடும்பத்தை ஒன்றும் சொல்வதில்லை, இரண்டாவதை விடுவதுமில்லை. 1976-இல் தத்துவவாதிகளான பெர்னார்டு வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் இந்தச் சிக்கலுக்கு அறத்தில் தற்செயலின் பங்கு என்ற தலைப்பில் வடிவம் கொடுத்தனர். கட்டுப்பாட்டில் இல்லாததற்காக ஒருவரைப் பழிக்கக் கூடாது என்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறோம்; ஆனால் விளைவைப் பார்த்தே பழியை அளக்கிறோம். சட்டமும் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2004-இல் வாடகை டிரெய்லரிலிருந்து பறந்த பலகை ஒன்று பின்னால் வந்த காரின் கண்ணாடியைத் துளைத்து ஓர் இளம்பெண்ணின் பார்வையைப் பறித்தது. அடுத்த ஆண்டே சுமையைக் கட்டாமல் செல்வதால் நேரும் தீங்கை அந்த மாநிலம் குற்றமாக்கியது. உடற்காயம் என்றால் பெரிய குற்றம், பொருட்சேதம் என்றால் சிறியது. ஒன்றும் நேராவிட்டால் அபராதத்தோடு முடிந்துவிடும்.

இரண்டு குடும்பங்களும் புறப்பட்ட நொடியில் செய்த தவறு ஒன்றே என்று கொள்வதுதான் சரி. விளைவு அந்தத் தவறைப் பெரிதாக்குவதில்லை. ஆனால் விளைவு புதிய கடமைகளை உண்டாக்குகிறது. காயம்பட்டவரைப் பார்க்கப் போவதும், செலவை ஏற்பதும், தன் செயலால் இன்னொரு வாழ்க்கை மாறிவிட்டது என்ற உணர்வைத் தாங்கிக்கொள்வதும் இரண்டாம் குடும்பத்துக்கு மட்டும் உரியவை. வில்லியம்ஸ் காட்டிய லாரி ஓட்டுநர் தம் பக்கம் தவறே இல்லாமல் ஒரு குழந்தைமேல் ஏற்றிவிட்டவர்; அவருக்கே அந்தத் துயரம் உண்டு என்றால் கவனக்குறைவாக இருந்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் குடும்பத்துக்கும் ஒன்று மிச்சம் இருக்கிறது. தப்பியதை நல்ல ஓட்டுநர் என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாமல், அதைத் தவறு என்றே ஒப்புக்கொண்டு தாங்கியை மாற்ற வேண்டும். பழிக்க யாரும் இல்லாத இடத்தில் இது எளிதில் நடப்பதில்லை.

விளைவுகள் கற்பனையும் இல்லை. அமெரிக்காவின் ஏஏஏ போக்குவரத்துப் பாதுகாப்பு அறக்கட்டளை 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2011 முதல் 2014 வரையிலான 4 ஆண்டுகளில் அந்நாட்டுச் சாலைகளில் கிடந்த அல்லது விழுந்த பொருட்கள் 2 லட்சத்துக்கு மேற்பட்ட விபத்துகளுக்குக் காரணமாயின. சுமார் 39,000 பேர் காயமடைந்தனர், 500-க்கு மேற்பட்டோர் இறந்தனர். இந்த விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, சரியாகப் பராமரிக்காததாலோ கட்டாததாலோ வண்டிகளிலிருந்து விழுந்த பொருட்களால் நேர்ந்தவை. இறப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், பொருள்மேல் மோதாமல் இருக்க ஓட்டுநர் வண்டியைத் திருப்பியதால் நேர்ந்தவை. சைக்கிள் யாரையும் தொடாமலே கொல்லக்கூடும்.

பொறுப்பு யாருடையது என்ற கேள்வி பல கைகளில் சிதறிப்போவதும் உண்டு. தாங்கியைச் செய்தவர், விற்றவர், டிரெய்லரில் துளையிட்டு மாட்டிக்கொடுத்தவர், பட்டையை இறுக்கிய மகன், ஓட்டிய தந்தை. ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்திருப்பார் என்று எண்ண இடமிருக்கிறது. சொத்தைப்போல் இந்தப் பொறுப்பு பங்குபோடப்படுவதில்லை. ஒவ்வொருவரிடமும் முழுதாகவே இருக்கிறது. கடைசியாகத் தொட்டுப் பார்க்கக்கூடியவர் ஓட்டுபவர் என்பதால் புறப்படும் உத்தரவு அவருடையது. சுமை கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதும் இதே வகை ஏமாற்று. இன்னொரு சிறுவர் சைக்கிள்தானே, ஒரு கூடைதானே, மேலே ஓர் உறைதானே என்று சேரும். வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் காட்டிய மயிற்பீலி வண்டி தமிழருக்குத் தெரிந்ததே. அங்கே முறிவது வண்டிக்காரரின் சொந்த அச்சு. இங்கே எந்தப் பீலி மிகையானது என்று கண்டுபிடிப்பவர் பின்னால் வருபவர். சைக்கிள்மேல் போர்த்தும் உறை பாய்மரம்போல் காற்றை வாங்கித் தாங்கியை இழுக்கும் என்பதும், சைக்கிள் விளக்கையோ எண் பலகையையோ மறைத்தால் பின்னால் வருபவரின் ஒரே அறிவிப்பும் போய்விடும் என்பதும் அவருக்காகவே நினைவில் வைக்க வேண்டியவை.

பின்னால் வருபவருக்கும் கடமை உண்டு. போதிய இடைவெளி விட வேண்டும், ஆடும் சுமையைக் கண்டால் விலகி நின்று விளக்கால் அறிவிக்க வேண்டும். அவர் அதைச் செய்யத் தவறினாலும் முன்னவரின் கடன் குறையாது. அவர் இடைவெளி விட்டு வருகிறாரா என்று பார்த்துவிட்டு யாரும் பட்டையை இறுக்குவதில்லை.

கடன் எப்படித் தீர்கிறது என்பது பெரும்பாலும் எளிய வேலைகளில் அடங்கியிருக்கிறது. டிரெய்லருக்கென்றே செய்து அதன் தயாரிப்பாளர் ஒப்புக்கொண்ட தாங்கி. ஏற்றியபின் அளந்த முன்பாரம். கழற்றி உள்ளே வைத்த மின்கலம், பம்பு, குழந்தை இருக்கை. சைக்கிளின் சட்டகத்தையும் இரண்டு சக்கரங்களையும் தனித்தனியே பிடிக்கும் பட்டைகள். முதல் சில கிலோமீட்டரில் சைக்கிள்கள் அமர்ந்து பட்டை தளரும் என்பதால், புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் ஒருமுறை நிறுத்தி இறுக்குவதே இவற்றில் முக்கியமானது. அதன்பின் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பின்னால் சென்று கையால் அசைத்துப் பார்க்க வேண்டும்.

விழுந்துவிட்ட பிறகும் ஒரு கடமை எஞ்சுகிறது. இதைப் பலர் எண்ணுவதில்லை. முகாமுக்கு வந்து இறங்கிப் பார்க்கும்போது ஒரு சைக்கிள் குறைந்திருக்கிறது. எங்கே விழுந்தது, யாருக்கு என்ன ஆனது, ஒன்றும் தெரியாது. யாரும் துரத்தி வரவில்லை, யாரும் கேட்கப்போவதில்லை. சைக்கிள் போயிற்றே என்ற வருத்தத்தோடு விட்டுவிடத் தோன்றும். வழி முழுவதும் பின்னவரிடம் மட்டும் இருந்த அறிவு இப்போது இவரிடமும் வந்துவிட்டது: சாலையில் எங்கோ ஒரு பொருள் கிடக்கிறது. இருள் வரும் முன் அதை அகற்றச் செய்ய வேண்டும். கடைசியாக எங்கே சைக்கிள் இருந்ததைப் பார்த்தோம், எந்தப் பாதையில் வந்தோம் என்பதைச் சொல்லி, காப்பீட்டு நிறுவனத்தை அழைக்கும் முன்பே காவல்துறையை அழைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அதற்கான அவசர எண் 112.